பனிவெளிக்குப் போய்வந்தவர்கள்

வடதுருவத்தின் ஏதோ ஓர் இனுயிட் குடியிருப்பில் நான்கைந்து நாள் தங்கித் திரும்பியவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவை அனைத்தும் ஒரே கட்டுரைதான். எழுதியவர் ஜெர்மானியராக இருக்கலாம், டொராண்டோவிலிருந்து புறப்பட்டவராக இருக்கலாம், குடிபெயர்ந்து சென்ற நம்மவராகவும் இருக்கலாம். முதலில் சிறு விமானம் ஒன்று குலுங்கும். சன்னலுக்கு வெளியே வெண்மை, வெண்மையைத் தவிர வேறில்லை. பிறகு முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு மூதாட்டி வருவார்; அவர் பேசமாட்டார், புன்னகைப்பார். பச்சை இறைச்சி உண்ணும் காட்சி ஒன்றும், அதைக் கண்டு எழுத்தாளரின் வயிறு படும் பாடும் தவறாமல் இடம்பெறும். கடைசியில் எல்லையற்ற மௌனத்தின் நடுவே அவருக்குத் தம்மைப் பற்றிய ஏதோ ஒரு தரிசனம் கிட்டிவிடும். தரிசனம் கிட்டியதும் விமானம் ஏறிவிடுவார்.

இதில் என்ன தவறு, ரசித்துவிட்டுப் போகலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அங்கே போகாதவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்றும் கேட்பார்கள். பனிவெளியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். எழுத்தை மதிப்பிட அங்கே போய்வந்திருக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் உண்டு: ‘காலம் தீண்டாத மக்கள்’. இத்தொடர் பொய் என்பதும், அது வெகுளித்தனமான பொய் அல்ல என்பதுமே என் வாதம்.

இந்தப் பொய்யின் பிறப்பிடத்தைத் துல்லியமாகவே காட்ட முடியும். ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில், இன்றைய கியூபெக் மாநிலத்தின் வடபகுதியில் இனுக்ஜுவாக் என்றோர் ஊர் இருக்கிறது. ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி தமது ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தை இவ்வூரையொட்டிய பகுதியில்தான் எடுத்தார். 1922இல் வெளியான அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சு மென்மயிர் வணிக நிறுவனம். ஆவணப்படக் கலையின் தொடக்கப்புள்ளி என்று திரைப்படச் சங்கங்களில் இன்றும் வணங்கப்படும் படம் இது. நானூக் என்ற பெயரில் நடித்தவரின் உண்மைப் பெயர் அல்லாகரியால்லக். திரையில் அவருக்கு மனைவியாக வருபவர் அவருடைய மனைவியல்லர். அக்காலத்திலேயே அம்மக்கள் துப்பாக்கி கொண்டு வேட்டையாடினர். இயக்குநரோ ஈட்டியை எடுக்கச் சொன்னார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் ஒரு பாதி திறந்தபடி பெரிய வீடொன்று கட்டப்பட்டது. இசைத்தட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்போல அல்லாகரியால்லக் அதைக் கடித்துப் பார்க்கும் காட்சியும் சொல்லிக்கொடுத்து எடுக்கப்பட்டதுதான். படப்பிடிப்புக் கருவியைக் கழற்றிப் பூட்டவும் படச்சுருளைக் கழுவவும் ஃப்ளாஹெர்ட்டிக்குத் துணைநின்றவர்கள் இனுயிட்டுகளே. கருவிக்குப் பின்னால் நின்றபோது இயந்திரம் அறிந்தவர்களாக இருந்தவர்கள், முன்னால் வந்ததும் கற்கால மனிதர்களாகிவிட்டார்கள்! அல்லாகரியால்லக் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார். வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் இறந்தார் என்றுதான் உலகத்துக்குச் சொல்லப்பட்டது. காசநோயால் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதே பின்னர் ஆராய்ந்தவர்களின் முடிவு. பட்டினிச் சாவில் காவியம் இருக்கிறது. வெளியார் கொண்டுவந்த நோயில் அது இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பயணக் கட்டுரையாளர்கள் ஒருவரும் தொடாத இடத்துக்கு இப்போதுதான் வருகிறோம். 1953இலும் 1955இலும் கனடிய அரசு இதே இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலேற்றி ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. ஊரில் வேட்டை வளம் குன்றிவிட்டது, மக்கள் அரசு உதவித்தொகையைச் சார்ந்து வாழத் தொடங்கிவிட்டனர் என்பது அரசு சொன்ன காரணம். பனிப்போர்க் காலத்தில் ஆளில்லாத வடதீவுகளின் மீது தன் இறையாண்மையை நிலைநாட்டிக்கொள்ள உயிருள்ள கொடிக்கம்பங்கள் அரசுக்குத் தேவைப்பட்டன என்பது கொண்டுபோகப்பட்டவர்களின் குற்றச்சாட்டு. பிடிக்காவிட்டால் இரண்டாண்டுகளில் திருப்பி அழைத்துவருவோம் என்ற வாக்குறுதி காற்றில் போனது. எல்லோரும் ஒரே இடத்தில் இருப்போம் என்று நம்பி ஏறியவர்களுக்கு, தாங்கள் வெவ்வேறு தீவுகளில் பிரித்து இறக்கப்படப் போகிறோம் என்பது கப்பலில்தான் தெரிந்தது. முதல் குளிர்காலம் கூடாரத்தில் கழிந்தது. இனுக்ஜுவாக் 58ஆம் பாகையை ஒட்டியது. அங்கே குளிர்காலத்திலும் சூரியன் எழும். புதிய இடங்களில் ஒன்றான கிரைஸ் ஃபியோர்ட் 76ஆம் பாகையில் இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் சூரியன் எழுவதே இல்லை. பழகிய பெர்ரிப் பழங்களும் பறவை முட்டைகளும் கிடைக்கவில்லை. கண்முன் திரிந்த கத்தூரி எருதை வேட்டையாடவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

1955இல் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவரின் பெயர் ஜோசஃபி ஃப்ளாஹெர்ட்டி. ஆம், அந்த ஃப்ளாஹெர்ட்டியின் மகன். படம் எடுத்து முடித்து இயக்குநர் ஊர் திரும்பிய பின் ஓர் இனுயிட் பெண்ணுக்குப் பிறந்தவர். தந்தை திரும்பி வரவுமில்லை, மகனை ஏற்றுக்கொள்ளவுமில்லை. தந்தை உலகப் புகழ் பெற்றார். மகன் கிரைஸ் ஃபியோர்ட்டின் இருளில் இறக்கிவிடப்பட்டார். இப்படியொரு முடிச்சைக் கற்பனையில் போட்டிருந்தால் மிகை என்று நாமே விமரிசனம் எழுதியிருப்போம்.

இன்று கிரைஸ் ஃபியோர்ட் கனடாவின் வடகோடிக் குடியிருப்பு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 144. இனுக்டிடுட் மொழியில் இதன் பெயர் ஔயுயிட்டுக். ‘உருகாத இடம்’ என்று பொருள். மற்றொரு தீவில் உள்ள ரெசல்யூட்டின் பெயர் கௌசுயிட்டுக், ‘விடியாத இடம்’. இப்பெயர்களில் ஆதிக் கவித்துவத்தைக் கண்டு மெய்சிலிர்க்கும் பயணி, அடுத்த பத்தியிலேயே ‘இப்படியோர் இடத்தை வாழ்விடமாகத் தேர்ந்துகொண்ட இம்மக்களின் மனவலிமைதான் என்னே!’ என்று வியக்கிறார். தேர்ந்துகொண்டவர் யார்? 58ஆம் பாகையிலிருந்து வந்திறங்கியவர்களின் வாயில் ‘விடியாத இடம்’ என்பது உருவகமாக அல்ல, முறையீடாகவே ஒலித்திருக்கும். அரச ஆணையம் 1994இல் இந்தக் குடியேற்றத்தைக் கண்டித்து அறிக்கை தந்தது. 2010 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கேட்டது. அவ்வாண்டே இரு ஊர்களிலும் நினைவுச் சிலைகள் எழுந்தன. பயணக் கட்டுரைகளில் அச்சிலைகள் புகைப்படங்களாக இருக்கின்றன. அவற்றின் கதை இருப்பதில்லை. தொலைவு என்பது இங்கே புவியியல் அன்று, ஓர் அரசாணை. பயணியின் பரவசம் முழுவதும் அந்தத் தொலைவின் மீது எழுப்பப்பட்டிருக்கிறது.

இவர்கள் ஏன் கேட்பதில்லை என்ற கேள்விக்கு இலக்கியத்திலேயே பழைய விடை ஒன்று உண்டு. 1845இல் ஜான் ஃப்ராங்க்ளின் தலைமையில் இரண்டு கப்பல்களில் புறப்பட்ட ஆங்கிலேயர்கள் வடமேற்குக் கடல்வழி தேடிப் போய்ப் பனியில் சிக்கி ஒருவர்கூட மீளாமல் அழிந்தனர். பட்டினியின் இறுதிக் கட்டத்தில் அவர்கள் இறந்தோரின் உடலை உண்டனர் என்று இனுயிட்டுகள் சொன்னதை ஜான் ரே என்பவர் 1854இல் லண்டனுக்குத் தெரிவித்தார். வெகுண்டெழுந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். ஆம், ஏழைகளின் கண்ணீரை எழுதிய அதே டிக்கன்ஸ். தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில், காட்டுமிராண்டிகளின் சொல்லை நம்பலாகாது, கொன்றவர்கள் அவர்களாகவே இருக்கலாம் என்ற தொனியில் எழுதித் தள்ளினார். அவர் ஓர் இனுயிட்டையும் கேட்டு எழுதவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மானுடவியலாளர்கள் அக்கப்பலோட்டிகளின் எலும்புகளில் கத்தி வெட்டுகளைக் கண்டறிந்தனர். கப்பல்களும் 2014இலும் 2016இலும் கிடைத்தன. முதல் கப்பலைத் தேடியவர்களுக்கு இனுயிட் வாய்மொழி மரபு திசை காட்டியது, இரண்டாவதற்கு ஓர் இனுயிட் வேட்டைக்காரர் தாம் கண்டதைச் சொன்னார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்மை அவர்களிடம்தான் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அந்த மூதாட்டி பேசமாட்டார், புன்னகைப்பார் என்று நம் பயணி எழுதும்போது எனக்கு டிக்கன்ஸ்தான் நினைவுக்கு வருகிறார். அவர் பேசவில்லையா, பேசுவது இவருக்குப் புரியவில்லையா? மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளக் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை என்பதே பெரும்பாலும் நடந்தது.

பனிக்கு அவர்கள் மொழியில் ஐம்பது சொற்கள், நூறு சொற்கள் என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1911இல் ஃபிரான்ஸ் போவாஸ் குறிப்பிட்டவை நான்கு வேர்ச்சொற்கள். அவை கைமாறிக் கைமாறிப் பெருகிய விதத்தை லாரா மார்ட்டின் 1986இல் அம்பலப்படுத்தினார். விகுதிமேல் விகுதி சேர்த்து ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கும் மொழியில் சொற்களை எண்ணுவது கடலலையை எண்ணுவது போன்றது. இதை ஒட்டுநிலை மொழி பேசும் நமக்கு இன்னொருவர் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நம் சிற்றிதழ்களிலும் இக்கதை அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்கிறது.

காலம் தீண்டாதவர்கள் என்ற கட்டுரைக்கு நேர்மாறான இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் எல்லாமே சீரழிவு. குடி, தற்கொலை, தொலைக்காட்சி முன் உறையும் இளைஞர்கள், கடையில் நெகிழிப் பொட்டலங்கள். ‘தூய வாழ்வை இழந்துவிட்டார்களே’ என்ற ஒப்பாரி. முந்தையதைவிட இது நேர்மையானது என்று எண்ணுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளைவை எழுதி வினையை விட்டுவிடுவது எப்படி நேர்மையாகும்? 1940களிலிருந்து சில பத்தாண்டுகள் அரசு அவர்களைப் பெயரால் அறியாமல் கழுத்தில் அணியும் வட்டின் எண்ணால் அறிந்தது. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1956 வாக்கில் ஏறத்தாழ ஏழில் ஓர் இனுயிட் தெற்கத்திக் காசநோய் மருத்துவமனைகளில் கிடந்தார். அவர்களில் பலர் எங்கே புதைக்கப்பட்டனர் என்பதுகூடக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2019இல். வேட்டைக்கும் பயணத்துக்கும் ஆதாரமான சறுக்குவண்டி நாய்கள் சுட்டுக்கொல்லப்பட்டன. இவற்றுள் ஒன்றையேனும் தெரிந்துகொள்ளாமல் அவ்வூர்த் தெருவில் ஒரு குடிகாரரைக் கண்டு கண்கலங்குவதில் எனக்கு மரியாதை இல்லை.

பச்சை இறைச்சி விவகாரத்தில் நம்மவர் காட்டும் முகச்சுளிப்பு தனிச்சிறப்பானது. அங்கே ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. சரக்குக் கப்பல் கோடையில் மட்டுமே வரும். மற்றபடி தக்காளியும் பாலும் விமானத்தில் வர வேண்டும், அதற்கேற்ற விலையில். கடல்நாய் இறைச்சி கடலிலேயே இருக்கிறது. 1983இல் ஐரோப்பா கடல்நாய்க் குட்டித் தோலுக்குத் தடை விதித்தபோது இனுயிட்டுகள் வேட்டையாடிய வேறு வகைக் கடல்நாய்த் தோலின் விலையும் சேர்ந்து சரிந்தது. ரொக்கம் ஈட்டித்தந்த ஒரே பொருளை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. கருணை காட்டியவர்களுக்கு எதுவும் குறையவில்லை. இதை உள்ளிருந்து சொன்ன படம் அலேதியா அர்னாகுக்-பாரில் 2016இல் இயக்கிய ‘ஆங்ரி இனுக்’. அதே 2016இல்தான், ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுமந்த சொகுசுக் கப்பலொன்று வடமேற்கு வழியாகப் போய், நானூறு பேர் வாழும் உலுக்ஹாக்டோக் ஊரின் முன் நங்கூரமிட்டது.

அப்படியானால் யாரும் போகவே கூடாதா? போகலாம். கைவினைப் பொருள் விற்பவருக்கும் வழிகாட்டிக்கும் அதனால் வருவாய் உண்டு. வருகையாளரை வரவேற்பதா வேண்டாமா என்பதை அவ்வூரார் முடிவு செய்துகொள்வார்கள். 1999 ஏப்ரல் முதல் நாளில் உருவான நுனாவுட் ஆட்சிப்பகுதி அவர்கள் பல ஆண்டுகள் பேசி வாங்கியது. இக்லூலிக் என்ற ஊர், தங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லாத தொலைக்காட்சி வேண்டாமென்று 1970களில் வாக்களித்து இருமுறை மறுத்தது. அதே ஊரிலிருந்து சக்கரியாஸ் குனுக் எடுத்த ‘அதனார்ஜுவாத்’ 2001இல் கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருதைப் பெற்றது. ‘காலம் தீண்டாத’ மக்கள் தொலைக்காட்சியை இருமுறை நிராகரித்துவிட்டுப் படக்கருவியைக் கையிலெடுத்த வரலாறு இது.

போங்கள், ஆனால் போய்வந்ததாலேயே எழுதும் உரிமை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் இதழாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அந்தக் குலுங்கும் விமானத்துக்கு ஒதுக்கும் பக்கங்களை மார்கூசி பட்சௌக்குக்குக் கொடுங்கள். இனுக்ஜுவாக் பகுதியில் பிறந்து 1953இல் சிறுவனாக ரெசல்யூட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்; பின்னாளில் விமானி ஆனவர்; ஈட்டியேந்திய வேட்டைக்காரனைப் பற்றித் தம் மொழியில் ஒரு குறுநாவலை 1969இல் தொடராக எழுதியவர். உலகம் அதை ஐம்பது ஆண்டுகளாக ஆங்கிலத் தழுவலில்தான் வாசித்தது. மூல இனுக்டிடுட்டிலிருந்து நேரடி மொழிபெயர்ப்பு அண்மையில்தான் வந்தது. அவர் 2020இல் மறைந்துவிட்டார். அல்லது மிதியார்ஜுக் நப்பாலுக்கைக் கொடுங்கள். மொழி கற்க வந்த பாதிரியார் ஒருவர் சில வாக்கியங்கள் எழுதித் தரும்படி அவரைக் கேட்டார். வாக்கியம் எழுதி அலுத்துப்போன அப்பெண், மாந்தர்களை உருவாக்கி, சம்பவங்களைக் கோத்து, அசையெழுத்தில் ‘சனாக்’ என்றொரு நாவலை எழுதத் தொடங்கிவிட்டார். 1950களில் தொடங்கிய அந்த நூல் 1984இல்தான் அச்சேறியது. அதிலும் வெளியூரார் வந்திறங்குகிறார்கள். அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அவ்வூர்ப் பெண் ஒருத்தி சொல்லக் கேட்கலாம்.