எல்லையோரப் பள்ளிகளில் செவித்திறன் பரிசோதனை: மொழித் தடையா, கேட்கும் திறன் குறைவா?

கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒருசேரப் பேசப்படுகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. இந்த இருமொழிச் சூழலில், பள்ளிக் குழந்தைகளின் செவித்திறன் குறைபாடு கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் தமிழ் பேசும் குழந்தை மலையாள வகுப்பில் பதில் சொல்லாமல் இருந்தால், மொழி புரியவில்லை என்றே கருதப்படும். காது கேட்கவில்லையோ என்ற ஐயம் தாமதமாகவே எழும்.

பிறந்தவுடன் செய்யப்படும் பரிசோதனையில் குறை தென்படாத குழந்தைக்கும், நடுச்செவி அழற்சி, மூளையுறை அழற்சி, பொன்னுக்கு வீங்கி போன்றவற்றால் பிற்காலத்தில் செவித்திறன் குறையலாம். சிறார் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிக்க அதன் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆனால், நடுச்செவியில் கோக்கும் நீர் சளித் தொல்லையுடன் வந்து மறையக்கூடியது. ஆண்டுக்கு ஒரு நாள் நடைபெறும் பரிசோதனையில் அது தப்பிவிடலாம்.

பரிசோதனை முறை எளிதானது. 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் காதணிக் கருவி வழியாகக் கேட்டதும் குழந்தை கையை உயர்த்த வேண்டும். இந்த ஒலிகளுக்கு மொழி இல்லை. எனினும், என்ன செய்ய வேண்டும் என்பதைக் குழந்தையின் தாய்மொழியில் விளக்குவது அவசியம். அடுத்த கட்டமான பேச்சொலிப் பரிசோதனையைத் தாய்மொழியில் நடத்தாவிட்டால் முடிவு பிழையாகும்.

சட்டமும் ஓர் இடைவெளியை விட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்தே ஒருவரைச் செவித்திறன் குறைந்தவராகக் கணக்கில் கொள்கிறது. 40 டெசிபல் இழப்புள்ள குழந்தை இந்த வரையறைக்குள் வராது. ஆனால், கடைசி இருக்கையில் அமர்ந்தால் ஆசிரியரின் பாதிச் சொற்களை இழந்துவிடும். அத்தகைய குழந்தையை அடையாளம் காணப் பள்ளிப் பரிசோதனையே முதன்மை வழி.

கண்டறிவதோடு பணி முடிவதில்லை. திருவனந்தபுரத்தில் 1997 முதல் இயங்கும் தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் (நிஷ்) போன்ற உயர் மையங்கள் அருகிலேயே உள்ளன. ஆயினும், பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், களியக்காவிளையில் வசித்துப் பாறசாலையில் பயிலும் குழந்தைக்கான பரிந்துரை, எல்லையைத் தாண்டியும் தொடர்ந்தாக வேண்டும்.

இரு மொழிகளிலும் அச்சிட்ட பரிந்துரைச் சீட்டு, சில வாரங்களில் மறுபரிசோதனை, அதுவரை வகுப்பில் முன்வரிசை இருக்கை ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பதில் சொல்லாத குழந்தையை மொழியறியாதவர் என்று முடிவுகட்டும் முன், அதன் காதுகளைப் பரிசோதிப்பதே முறை.