ஏரிப் புழுக்களும் நகரத்து உஷ்ணமும்

நகரங்களுக்கு அண்மையிலுள்ள ஏரிகளின் ஜலத்தில் உப்பையும் பிராணவாயுவையும் அளந்து பார்ப்பதோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். மீன் செத்து மிதந்தாலன்றிக் கவலை பிறப்பதில்லை. இது போதாதென்பது எமது அபிப்பிராயம்.

ஏரிச் சேற்றில் வாழும் கைரோனோமஸ் என்னும் செந்நிறப் புழுவைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். கொசுவைப் போலத் தோன்றினும் கடியாத ஒரு சிறு பூச்சியின் புழுப்பருவம் அது. மீன்களுக்கு நல்ல இரை. இதன் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள மிகப் பெரிய குரோமோசோம்களை 1881-ஆம் ஆண்டிலேயே பால்பியானி என்பவர் கண்டு எழுதினார். உஷ்ணம் மிகுந்தால் இப்புழுவின் உயிரணுக்களில் சில மரபணுக்கள் விழித்தெழுந்து, மற்றப் புரதங்கள் சிதையாதபடி காக்கும் புரதங்களை உண்டாக்குகின்றன. காட்மியம் என்னும் உலோகம் கலந்த ஜலத்திலும் அவற்றுட் சில விழிப்பது பரிசோதனைகளால் தெளிவாயிற்று.

நகரமோ உஷ்ணம், உலோகம் இரண்டையும் ஒருங்கே அனுப்புகிறது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலைகளில் விழும் மழைநீர் சூடேறி, உலோகத்தூளையும் வாரிக்கொண்டு ஏரியில் இறங்குகிறது. உலகத்தில் ஏறிவரும் பொது வெப்பமும் அதனுடன் சேருகிறது. 20 டிகிரி சென்டிகிரேட் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7½ மில்லிகிராமே. புழுவுக்கு மூச்சு அதிகம் வேண்டுவதும் அப்பொழுதுதான். காப்புப் புரதத்திற்குச் செலவாகும் சக்தியோ வளர்ச்சிக்குக் குறைகிறது.

இவ்வாறு இடர்ப்பட்ட புழு உயிரோடுதானிருக்கும். தலையை எண்ணுவோருக்கு ஒன்றும் புலப்படாது. மரபணுவின் செயலை அளந்தால் புலப்படும். ஆனால் உஷ்ணமா உலோகமா என்பதை அதுமாத்திரம் சொல்லாதாகையால் வெப்பமானியும் ரசாயனச் சோதனையும் கூடவே வேண்டும். விவசாயக் கல்லூரிகள் சில ஏரிகளிலேனும் இதனைத் தொடங்குதல் தகும். வாய்க்கால் கரையில் நிழல்மரம் நடுவதற்கும், நகரத்து நீர் ஏரியில் விழுமுன் வண்டல் தங்க ஒரு குழி வெட்டுவதற்கும் அச்சோதனையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.