கண்டற்காடு எவருக்குக் காட்சிப்பொருள்?

கொக்குவில் என்பது நம் ஊரின் பெயர். "வில்" என்பது குளத்தைக் குறிக்கும் பழஞ்சொல் என்பர் சிலர். அங்ஙனமாயின் கொக்குகள் கூடிய குளத்தங்கரையிற் குடியேறியவர் நம் முன்னோர் ஆவர். இன்று அந்தக் கொக்கு எங்கே? அந்தக் குளந்தான் எங்கே? காங்கேசன்துறை வீதியில் நின்று இவ்வினாவை எழுப்பினால், "கொக்குக்கும் எமக்கும் என்ன வழக்கு?" என்று நகைத்துவிட்டுப் போவர் நம்மவர். வழக்கு உண்டு. அதனை எடுத்துரைத்து, படித்தவரையும் பயிர் செய்பவரையும் நீதி கேட்கவே இக்கட்டுரை.

கடந்த தை மாதத்திலே, யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் ஒருநாட் பயணம் ஒன்றில் நானும் ஓர் ஆசனம் பெற்றேன். விடியுமுன் வண்டி ஏறவேண்டும். பறவைகளையும் கண்டற்காட்டையும் கண்டு மாலையில் மீளலாம். இதுவே விளம்பரம். வண்டியில் வெளிநாட்டார் சிலர், கொழும்பார் சிலர், கோடை குளிர் இரண்டையும் கனடாவிற் கழித்துவிட்டு ஊர் பார்க்க வந்த நம்மவர் இருவர். கொக்குவிலான் நான் ஒருவனே. தென்மராட்சியைக் கடந்து கிழக்கே சென்று, கடனீரேரிக் கரையொன்றிற் படகேறினோம்.

வழிகாட்டி வேறு மாகாணத்தவர். அவரைக் குறைகூற நான் வரவில்லை, கற்றவர், பண்பாளர். ஊசிவால் வாத்தையும் பூநாரையையும் தொலைவிலேயே இனங்கண்டு ஆங்கிலத்தில் அழகுற விளக்கினார். மரங்களுக்கு இலத்தீன் பெயர்களை ஒப்புவித்தார். அவர் முன்னே நின்று பேச, பின்னே கோலூன்றிப் படகு செலுத்தியவரோ அக்கரையிற் பிறந்து அந்நீரிலே வளர்ந்த முதியவர். ஒரு பற்றையருகே படகு ஒதுங்கியபோது வெளிநாட்டார் ஒருவர் கிளையை முறிக்கக் கைநீட்டினார். முதியவர் பதறி என்னை நோக்கி, "ஐயா, தொடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இது தில்லை. இதின்ரை பால் கண்ணிலை பட்டால் பார்வை போயிடும்" என்றார். அன்று முழுவதும் அவர் பேசிய பேச்சு அவ்வளவே. கோலுக்குக் கூலி பேசியிருந்தனர். அவருடைய வாய்க்குக் கூலி பேசுவாரில்லை. நாள்முழுதும் நாம் கேட்டவற்றுள் ஒருவர் கண்ணைக் காத்த அறிவு எவரிடமிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெட்கம் வழிகாட்டிக்கு அன்று, எனக்கே. நாள்தோறும் கோயிலில் நின்று தில்லை, தில்லை என்று ஓதுகிறோம். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அம்மரம் நம் கடனீரேரிக் கரையில் எதிர்ப்பட்டால், "ஏதோ ஒரு பற்றை" என்று கடந்து போகிறோம். கண்ணா எது, கண்டல் எது, தில்லை எது என்று நம் பிள்ளைகளைக் கேளுங்கள். பிள்ளைகள் வேண்டாம், பல்கலைக்கழகம் கண்ட பெரியோரைக் கேளுங்கள். விடை வாராது.

"அறியாவிடில் என்ன கேடு வந்தது?" என்று கேட்பார் உளர். கேடு வந்துவிட்டது என்பதே என் வழக்கு.

முதலாவது, கண்டற்காடு வெறும் பற்றை அன்று. அதன் வேர்க்கூட்டத்தின் நிழலிலேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவ்வேர்கள் சேற்றைப் பற்றிக் கரையை நிறுத்துகின்றன. அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது வடமராட்சி கிழக்கும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அதே அலை சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பிச்சாவரத்தையும் தாக்கிற்று. அங்கே மரச்செறிவின் பின்னே இருந்த ஊர்கள், வெறுங்கரையில் இருந்த ஊர்களினும் குறைந்த அழிவே கண்டன என்பதை ஆய்வாளர் அளந்து, 2005இல் உலகறிந்த அறிவியல் இதழிலே வெளியிட்டனர்.

இரண்டாவது, "நான் கமக்காரன், கடற்கரைக் கதை எனக்கெதற்கு?" என்போர்க்கு ஒரு சொல். நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே, உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே நம் கிணறு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறுகிறது. தோட்டத்தில் இடும் உரமோ கிணற்றுக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. நிலத்தடி நீரோடு ஊர்ந்து கடனீரேரிக்கும் போகிறது. தீவகத்து உழவர் கடல் ஒதுக்கிய சாதாழையை அள்ளி எருவாக்கிய காலத்தில், கடலும் தோட்டமும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. உரப்பை வந்தது, அந்த உறவு அறுந்தது. கடனீரேரி கெட்டால் கெடுவது மீனவன் வலை மட்டுமே என்று எண்ணுகிறவன் தன் கிணற்றை எட்டிப் பார்க்காதவன்.

மூன்றாவதுதான் இவ்வழக்கின் உயிர்நிலை. நாம் போய்ப் பார்க்காத நிலத்தைப் பற்றி வேறொருவர் முடிவு செய்கின்றனர்.

சான்று வேண்டுமா? 2015இல் இலங்கை, தன் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் முதல் நாடு என்று உலகெங்கும் பறைசாற்றப்பட்டது. 2016இல் சிலாபத்தை அடுத்த பம்பலையிலே கண்டற்காட்டுக்கென ஒரு நூதனசாலையும் திறக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் அமைப்பு இந்நாட்டின் கண்டற்காடு மீட்புப் பணியை உலகின் முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்தது. கேட்க இனிக்கிறது! அதே 2024இல், மூன்று மாதம் கழியுமுன்னே, மே மாதத்தில் நடந்தது என்ன? மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவில், 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பிலிருந்து 168 ஹெக்டேயர் வர்த்தமானி வழியாக விடுவிக்கப்பட்டது. எதற்காக? நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காம், இறாலுக்காம்! இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் உயர் நீதிமன்றத்தின் வாசலைத் தட்ட நேர்ந்தது. ஒரு கையிற் பரிசு, மறுகையிற் கத்தி.

இறாற்பண்ணையின் வரலாற்றை அறியாதவர் புத்தளத்தைக் கேட்கட்டும். 1980களிலும் 1990களிலும் அங்கே கண்டல் வெட்டிக் குளங்கள் தோண்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் புகுந்தது, இறால் மடிந்தது. பணமிட்டவர் பலர் போயினர். உவரேறிய வெறுங்குளங்களைக் கரையோரத்து ஏழைகளுக்கு விட்டுப் போயினர். ஒருமுறை பட்ட நாடு மறுமுறையும் அதே குழியை நாடுவது எந்த அறிவோ?

இன்னொரு சான்று சுண்டிக்குளம். 1938ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. வலை வீசுவோரும் மாடு மேய்ப்போரும் அங்கே வாழ்ந்தனர், பறவையும் வாழ்ந்தது. போர் முடிந்தபின் இராணுவம் அங்கே விடுதி நடத்தி உல்லாசப் பயணிகளை வரவேற்றது. பின்னர் 2015இல் 19,565 ஹெக்டேயர் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பறவையைக் காப்பதை எவர் மறுப்பார்? ஆனால் தாம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நிலமும் நீரும் பூங்கா எல்லைக்குள் அகப்பட்டன என்று அப்பகுதி மக்கள் முறையிடுகின்றனர். எல்லை வரையும்போது அவர்களோடு அமர்ந்து பேசாத பாதுகாப்பு, எவரைப் பாதுகாக்க வந்தது?

இரண்டு சான்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் இயற்கையின் பெயரால் ஏழைக்குக் கதவு அடைக்கப்படுகிறது. மற்றோரிடத்தில் முதலீட்டின் பெயரால் செல்வனுக்குக் கதவு திறக்கப்படுகிறது. இரண்டு கதவுக்கும் திறப்பு, கரையோரத்தான் கையில் இல்லை. அவனுக்கு விடப்பட்டது உல்லாசப் பயணியின் படகுக்குக் கோலூன்றும் உத்தியோகம் ஒன்றே; அதிலும் வாய் திறவாமல்!

"கரையோரத்தார்தானே கண்டலை விறகுக்கு வெட்டுகின்றனர்? அவர்களை விலக்கினாலன்றிக் காடு தழைக்குமோ?" என்று ஒரு வாதம் உண்டு. நல்லோர் பலரும் இதனை நம்புகின்றனர். ஆகவே விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். மறுபடியும் பிச்சாவரம் போவோம். அங்கும் காடு குன்றியபோது பழி ஊராரின் தலையிலேதான் விழுந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆய்ந்து கண்ட உண்மை வேறு. முன்னைய காட்டு நிருவாகம் பகுதி பகுதியாக முற்றாக வெட்டியதால் நிலம் அமிழ்ந்தது, உவர்நீர் தேங்கியது, கன்று பிழைக்கவில்லை. மருந்தும் எளிதாயிருந்தது. மீன்முள்ளின் வடிவில் வாய்க்கால் வெட்டி ஏற்றவற்றம் உள்ளே சென்று மீள வழிசெய்தனர். வெட்டியவர் யார்? விலக்கப்படவேண்டியவர் என்று கருதப்பட்ட அதே ஊரார்! காடு மீண்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிற்று. ஊரார் வெட்டுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தன்னுடையது என்று உணர்த்தப்பட்ட காட்டை மனிதன் காப்பான். பிறனுடையது என்று சொல்லப்பட்டதைக் களவாடுவான் என்றே சொல்கிறேன்.

இதுவரை ஆட்சியாளரைச் சாடினேன்; இனி நம்மைச் சாடுவது கடன். நம்மவர் யாலைக்கு வண்டி பேசிப் போய் யானை பார்க்கின்றனர். சிதம்பர தரிசனத்தோடு பிச்சாவரத்திற் படகேறிப் படம் பிடித்து வருகின்றனர். சரசாலைக் குருவிக்காட்டுக்கு ஒரு மணித்தியாலப் பயணம். கண்டவர் எத்தனை பேர்? மிதிவண்டித் தூரத்திலுள்ள கல்லுண்டாய் வெளியில் நகரத்தின் குப்பை மலையாய்க் குவிந்து, நெருப்புப் பற்றும் நாளிற் புகையாய் மேலெழுந்தது. கடனீரேரியின் ஓரம் அது. பறவை இறங்கும் வெளி அது. புகை நம் மூக்கை எட்டிய நாளிலன்றி நாம் முணுமுணுத்ததுண்டா?

இதற்கு வேர் எது? சொன்னாற் சிலர்க்குக் கசக்கும், சொல்லத்தான் வேண்டும். தோட்டமும் உத்தியோகமும் உடையவன் கரையூரானைத் தள்ளிவைத்துப் பேசும் பழைய மேட்டிமை இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை. கடல் என்றால் கடற்றொழிலாளர் பாடு; கண்டல் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் பாடு; நமக்கு நல்லூர்த் திருவிழாவும் பிள்ளையின் பரீட்சையும் போதும் என்றிருக்கிறோம். நம் தமிழ் நிலம் என்று மேடையில் முழங்குகிறோம். அந்நிலத்தின் பாதி நீர் என்பதை மறந்தோம். அந்நீரை அறிந்தவரை மதிக்க மறந்தோம். மதியாதவர் சார்பில் எங்ஙனம் உரிமை கேட்பது?

ஆகவே சொல்கிறேன்: ஒருநாட் பயணம் தீதன்று, வேண்டப்படுவது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை, மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலுமிருந்து கோடிக்கரை வழியாகவும் பிற வழியாகவும் பறவைகள் நம் கரைக்கு விருந்து வருகின்றன. விருந்தைக் காண அயலார் விமானமேறி வருகையில், வீட்டுக்காரன் உறங்குவது அழகன்று. ஆயின் அப்பயணம் நம் நிபந்தனையில் நடத்தல் வேண்டும்.

படகில் முன்னே நின்று பேசுபவர் அக்கரையின் ஆணோ பெண்ணோ ஆகட்டும். அவர்க்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் தரப்படட்டும். தமிழிற் பேசட்டும், பிற மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கட்டும். சிறகுவலை கட்டத் தெரிந்தவனுக்குத் தெரியாத நீரோட்டம் எந்த நூலில் உண்டு? நுழைவுக் கட்டணத்திலும் படகுக் கட்டணத்திலும் ஒரு பங்கு கரையூர்ச் சங்கத்துக்குச் சேரட்டும். பூங்காவின் எல்லை, அங்கு வாழும் மக்களோடு நேரிற் பேசி மீள வரையப்படட்டும். பறவை குஞ்சு பொரிக்கும் காலத்தில் எந்தப் படகும் அணுகாதிருக்கட்டும். இந்த ஒழுங்கு உல்லாசப் பயணிக்கும் உண்டு, ஊரானுக்கும் உண்டு.

இவற்றை எவர் கேட்டுப் பெறுவது? கொக்குவிலில் நில அளவையாளர் இல்லையா? அவர்கள் சுண்டிக்குளத்துக்குச் சென்று, வரைபடத்தையும் எல்லைக் கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சட்டத்தரணிகள் இல்லையா? வர்த்தமானியை வெளிவந்த வாரத்திலேயே படித்து மக்களுக்குச் சொல்லட்டும்; ஆட்சேபத்துக்குரிய நாள் கடந்தபின் அழுது பயனில்லை. ஆசிரியர் இல்லையா? ஆண்டுக்கு ஒரு வகுப்பையேனும் குருவிக்காட்டுக்கு அழைத்துச் செல்லட்டும். பொறியியலாளர் இல்லையா? நகரக் குப்பைக்கு நீர்க்கரையல்லாத வழியைக் கணக்கிட்டு, பொறுப்புடையோர் மேசையில் வைக்கட்டும். கமக்காரர் தம் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, உரத்தின் அளவைக் கணக்குப் பார்க்கட்டும். எவருக்கும் இயலாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

அன்று மாலை கரையிறங்கியதும் பயணிகள் வழிகாட்டிக்குக் கைகுலுக்கி நன்றி கூறினர். முதியவர் குனிந்து படகைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அருகே சென்று, "அண்ணை, அடுத்த முறை எங்கடை ஊர்ப் பொடியளைக் கூட்டிக்கொண்டு வாறன், நீங்கள்தான் சொல்லிக் குடுக்கவேணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊர் ஐயா?" என்றார். "கொக்குவில்" என்றேன். "அங்கையிருந்து ஒருத்தரும் இஞ்சை வாறதில்லையே" என்றார்.

தமிழன்பர்களே, அந்த முதியவர் கூறியது பொய்யென்று காட்டும் பொறுப்பு நம்முடையது. அடுத்த மாரியில் பறவைகள் வரும். அவை வருமுன்னே நாம் போவோம். வேடிக்கை பார்ப்போராக அன்று, உரியோராகப் போவோம்!