காப்பீடு வந்தது, சுவர் வரவில்லை

வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரிக்கும் சட்டம் அமெரிக்காவின் பழங்கதை. அதை அவர்களே 1999இல் கைவிட்ட பின்னர் நமக்கு அதில் ஆராய ஏதுமில்லை என்று பொருளியல் நண்பர்கள் சிலர் எழுதிவருகின்றனர். 2025 அக்டோபர் 1 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட முன்மொழிவுகளை அவர்கள் வரவேற்பதும் இந்த நம்பிக்கையில்தான். ஒரு நிறுவனம் மற்றொன்றைக் கையகப்படுத்த வங்கிகள் கடன் தரலாம். பங்குகளை ஈடாகக் கொண்டு தனிநபருக்குத் தரும் கடனின் உச்சவரம்பு 20 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடியாகும். புதிய பங்கு வெளியீடுகளுக்கான கடன் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகும். இவற்றை "சீர்திருத்தம்" என்கிறார்கள். யாருடைய பணத்தைக் கொண்டு என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை.

முதலில் வரலாற்றைச் சரியாகப் படிப்போம். 1929 சரிவுக்குப் பின் ஃபெர்டினாண்ட் பெக்கோரா நடத்திய செனட் விசாரணை, நேஷனல் சிட்டி வங்கியின் பத்திரக் கிளை, பெரு நாட்டுக் கடன் பத்திரங்களின் நலிவை அறிந்திருந்தும் அவற்றைப் பொதுமக்கள் தலையில் கட்டியதை வெளிக்கொணர்ந்தது. அதன் விளைவாகிய 1933ஆம் ஆண்டின் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம் இரண்டு காரியங்களைச் சேர்த்தே செய்தது: வைப்புகளுக்கு அரசின் காப்பீடு அளித்தது, வைப்பு பெறும் வங்கி பத்திரச் சூதில் இறங்கலாகாது என்று சுவரும் எழுப்பியது. காப்பீடு வங்கிக்குக் கிடைத்த சலுகை. சுவர் அதற்கு வங்கி தரவேண்டிய விலை. இவ்விரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையர்.

இந்தியா இவர்களில் ஒருவரை மட்டும் தத்தெடுத்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதன் அதிர்ச்சியில் 1961ஆம் ஆண்டின் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. அன்று 1,500 ரூபாயாக இருந்த வரம்பு 2020 முதல் 5 லட்சம். மற்றொருவரோ வரவே இல்லை. 1949ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாணிகம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால் 6ஆம் பிரிவு பங்கு, பத்திரங்களை வாங்கவும் விற்கவும், வெளியீடுகளுக்குப் பொறுப்பேற்கவும் அனுமதிக்கிறது. 19ஆம் பிரிவு பிற நிறுவனங்களில் வங்கி வைத்திருக்கும் பங்குக்கு அளவு விதிக்கிறது, அவ்வளவே. எஞ்சிய தடுப்புகள் யாவும் ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளிலும் சுற்றறிக்கைகளிலும் வாழ்பவை. சுற்றறிக்கையால் எழுந்த சுவர் சுற்றறிக்கையாலேயே சரியும். நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கும் தேவையில்லை.

"இது நம் மண்ணின் சிக்கலன்று" என்போர் சென்னையின் வரலாற்றைப் புரட்டட்டும். அமெரிக்கச் சட்டத்துக்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்னாட் நிறுவனம் கதவடைத்தது. பொதுமக்களிடம் வைப்பு பெற்ற அதே கை ஊக வணிகத்திலும் புழங்கியது. இலண்டன் கூட்டாளி மெக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். ஜார்ஜ் அர்பத்னாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்களுக்கு எவரும் ஈடு தரவில்லை. அந்த இடிபாட்டிலிருந்தே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. 1992இல் வங்கிப் பணம் ஹர்ஷத் மேத்தாவின் வழியே பங்குச் சந்தைக்குப் பாய்ந்தபோது ஜானகிராமன் குழு கண்ட இடைவெளி 4,000 கோடி ரூபாய்க்கு மேல். 2001இல் கேத்தன் பாரேக்கின் சூதாட்டத்தில் அகமதாபாத்தின் மாதவ்புரா கூட்டுறவு வங்கி வீழ்ந்தது. அதில் தம் பணத்தை வைத்திருந்த பிற கூட்டுறவு வங்கிகளும் தள்ளாடின. இம்மூன்றிலும் மாறாதது ஒன்றே: ஆடியவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்.

எதிர்வாதத்தின் வலிமையை மறைக்க வேண்டியதில்லை. 2008இல் வீழ்ந்த லேமன் பிரதர்ஸ் தனி முதலீட்டு வங்கிதானே, சுவர் இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்பார்கள். பிழைத்திராது. சுவரின் வேலை சூதாடியைக் காப்பதன்று. அவன் வீழும்போது வைப்பாளரின் கூரை உடன்விழாமல் காப்பது. லேமனை விழவிட முடிந்த அரசால் சிட்டி குழுமத்தை விழவிட முடியவில்லை; உள்ளே மக்களின் வைப்புகள் இருந்தன. பிரிட்டன் இதை உணர்ந்தே 2013இல் சட்டமியற்றி, 2019 முதல் பெரிய வங்கிகளின் சில்லறைப் பிரிவை வேலியிட்டுப் பிரித்தது.

இத்தீவுகளிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் அந்தமான் நிக்கோபார் மாநிலக் கூட்டுறவு வங்கி தொடர்பாக அமலாக்கத் துறை இங்கே சோதனை நடத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகளில் 500 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வழங்கப்பட்டதாகவும், போலி நிறுவனங்களின் வழியே வங்கிப் பொறுப்பில் இருந்தவர்களே பயனடைந்ததாகவும் அத்துறை கூறுகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது. இது கடன் மோசடி வழக்கு, முதலீட்டு வங்கியியல் அன்று என்பதும் சரியே. ஆனால் இரண்டின் அடியிலும் கிடக்கும் கேள்வி ஒன்று: வைப்பைக் காப்பவரும் அதைக் கொண்டு ஆதாயம் தேடுபவரும் ஒருவராகலாமா? இயக்குநர்கள் தம் வங்கியில் கடன் பெறுவதைத் தடுக்கும் பிரிவு சட்டத்தில் இருக்கிறது. சட்டம் திருட்டை முற்றிலும் தடுத்துவிடாது. ஆயினும் திருட்டைத் திருட்டென்று பெயர்சொல்லி வழக்காட இடந்தரும். சுற்றறிக்கைக்கு அந்த வலு இல்லை.

அடுத்த வங்கிக்குச் செல்லக் கப்பலுக்குக் காத்திருக்கும் ஊர்கள் இங்குண்டு. அங்குள்ள மீனவருக்கும் ஓய்வுபெற்ற ஊழியருக்கும் "வங்கியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை" என்பது பாடநூல் சொற்றொடர். 5 லட்சத்துக்கு மேற்பட்ட அவர்களது சேமிப்புக்குக் காப்பீடும் இல்லை.

ஆகவே கோரிக்கை எளியது. வைப்பு பெறும் வங்கி சந்தையில் எவ்வளவு இறங்கலாம் என்பதை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். அதைத் தளர்த்த விரும்பும் அரசு மக்கள் பிரதிநிதிகளின் முன் நின்று காரணம் சொல்லட்டும். 1961இல் ஒருவரை அழைத்துவந்தோம். உடன்பிறந்தவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.