சின்ன விமானத்தின் கால்

2025 நவம்பரில் சேலத்தில் கிளம்பிய பயிற்சி விமானம், திருச்சி-புதுக்கோட்டை ரோட்டில் இறங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. காரணம் எதுவானாலும் சரி, ரோடோ ரன்வேயோ, தரை தொடும்போது அடி வாங்குவது சக்கரக் கால்தான்.

பயிற்சி விமானத்துக்கு இது தினப்படி சோதனை. மாணவர் பலதடவை ஏற்றி இறக்குவார். சிலசமயம் 'தொப்'பென்று விழும். நாமக்கல் லாரிக்காரரைக் கேளுங்கள், லோடோடு குழியில் விட்டால் ஸ்பிரிங் பட்டை என்னாகும் என்று சொல்வார்!

விமானம் தயாரித்த நாடு காலை மாற்றச் சொன்னால் இங்கேயும் அது கட்டாயம். கெடுவுக்குள் மாற்றாமல் பறக்கக் கூடாது. சரி, விழுந்த அடியை யார் சொல்வது? திட்டு விழுமே என்று மாணவர் மறைத்தால் மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும்? அடுத்து ஏறுகிறவர் தலையில் அல்லவா விடியும்!

பலமாக இறங்கியதை அன்றைக்கே புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதியவரைத் திட்டாதீர்கள். காலைச் சோதித்த பிறகே அடுத்தவரை ஏற்றுங்கள்.