எட்டுத் தலைமுறைப் பெருமை யாருக்கு?

கொன்யாக் என்பது பிரண்டியில் ஒரு வகை என்று எங்களில் கனபேருக்குத் தெரியும். அது ஒரு ஊரின் பெயர் என்று தெரிந்தவர்கள் குறைவு. பிரான்சின் தென்மேற்கில், சராந்த் ஆற்றங்கரையில், இருபதாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர் அது. ஆனால் அந்த ஊரின்ர பெயர் எழுதின போத்தல் இல்லாத புலம்பெயர் கலியாண வீடுகளைக் காண்பது கஷ்டம்.

எங்கள் குழுவில் பாரிஸில் இருக்கிற மூன்று பேரும், யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்த ஒருவருமாக ஒரு சனி ஞாயிறு அங்கே போய் வந்தோம். இது பயணக் கட்டுரை இல்லை. பனையையும் கள்ளையும் பற்றிப் பேசும்போது எங்கட ஆக்கள் இப்ப ‘பாரம்பரியம்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பாவிக்கத் தொடங்கியிருக்கினம். விழாக்களில், முகநூலில், அரசியல் மேடைகளில் எல்லாம் கேட்கிறோம். ஒரு மதுபானம் உண்மையாகவே பாரம்பரியமாக மதிக்கப்படுகிற ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு, எங்களுக்குச் சில கேள்விகள் வந்தன. அவற்றை எழுதுகிறோம்.

பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அங்கூலேம் வரைக்கும் வேக ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து சின்ன ரயில். கொன்யாக்கில் இறங்கி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால் முதலில் கண்ணில் படுவது கறுத்துப்போன சுவர்கள். புகை பிடித்ததாக்கும் என்று நினைப்பீர்கள். அது ஒரு பூஞ்சணம். ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்காக இருக்கிற பிரண்டியில் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 2 வீதம் ஆவியாகிக் காற்றோடு போகிறது. அதை ‘தேவதைகளின் பங்கு’ என்று அந்த ஊர்க்காரர் சொல்லுவினம். அந்த ஆவியை உண்டு வளர்கிற பூஞ்சணம்தான் கூரையையும் சுவரையும் கறுப்பாக்குகிறது. களஞ்சியம் எங்கே இருக்கிறது என்பதைச் சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

செய்முறை சிக்கலானதில்லை, ஆனால் கண்டிப்பானது. பெரும்பாலும் ‘உனி பிளோன்’ என்ற வெள்ளைத் திராட்சை. அதில் வருகிற வைன் புளிப்பு, மதுசாரமும் குறைவு. சும்மா குடிக்க ஒருத்தருக்கும் பெரிசாகப் பிடிக்காது. அதைச் செப்புக் கொதிகலத்தில், கீழே நேரடி நெருப்பு வைத்து, இரண்டு தரம் வடிக்கவேண்டும். இரண்டாம் தரம் வரும்போது மதுசாரம் 70 வீதத்துக்குக் கிட்ட. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுப்பினம். ஒரு லீற்றர் எடுக்க ஏறத்தாழ 9 லீற்றர் வைன் வேணும். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31க்குள் வடிப்பு முடிந்துவிட வேண்டும், அது சட்டம். அதனால் மாரிகாலத்தில் வடிசாலைகள் இரவு பகலாக இயங்கும். அந்தக் காலத்தில் வடிக்கிறவர் கொதிகலத்துக்குப் பக்கத்திலேயே படுத்து எழும்புவாராம். பிறகு ஓக் பீப்பாயில் ஆகக் குறைந்தது இரண்டு வருடம். போத்தலில் வி.எஸ். என்றால் 2, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 10 வருடம். எக்ஸ்.ஓ.வுக்கு முன்பு 6 வருடம் போதும், 2018இல்தான் 10 ஆக்கினார்கள். எங்கட வீட்டு ஷோகேசுகளில் இருக்கிற எழுத்துகளுக்கு இதுதான் அர்த்தம்.

பழைய நிறுவனங்களின் சுற்றுலாவுக்குப் போனால் கேட்கிற கதை வேறு. அது மனிதர்களின் பெயர்களாலான கதை. 1715இல் ஜேர்சித் தீவிலிருந்து வந்த ஜோன் மார்ட்டெல். 1765இல் தொடங்கிய அயர்லாந்துக்காரர் றிச்சர்ட் ஹெனசி. ஸ்கொட்லாந்து வழிவந்த ஓத்தார் குடும்பம். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா 1494இல் பிறந்த கோட்டையே இன்றைக்கு அவர்கள் பெயரிலான பிரண்டிக்குக் களஞ்சியம். இவர்கள் எல்லாருக்கும் முன்னம் உப்பும் வைனும் வாங்க வந்த ஒல்லாந்து வணிகர். ‘எரித்த வைன்’ என்று அர்த்தம் வருகிற அவர்களின் சொல்லிலிருந்துதான் பிரண்டி என்ற சொல்லே வந்தது.

கவனித்தீர்களா? ‘பிரெஞ்சு மண்ணின் பாரம்பரியம்’ என்று உலகத்துக்கு விற்கப்படுகிற ஒன்றின் முக்கியமான பெயர்களில் கனக்க வந்தேறிகளுடையவை. கொடியின் வேரும் அப்படித்தான். 1870களில் பிலொக்செரா என்ற பூச்சி வந்து வேரைத் தின்றது. 1877இல் ஏறத்தாழ 2,80,000 ஹெக்டேயராக இருந்த திராட்சைத் தோட்டம் 1893இல் ஏறத்தாழ 40,000 ஆகச் சுருங்கியது. அந்தப் பூச்சியைத் தாங்கக்கூடிய அமெரிக்க வேர்களில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் மீண்டார்கள். அந்த வேர்களைத் தேட உதவிய மன்சன் என்பவரின் டெக்சாஸ் ஊரான டெனிசனும் கொன்யாக்கும் இன்றைக்குச் சகோதர நகரங்கள். கலப்பில்லாத தூய்மைதான் பாரம்பரியம் என்று வாதாடுகிற எங்கட பெடியள் இதை ஒருக்கா வாசிக்கவேணும்.

அப்ப கொன்யாக்கைக் கொன்யாக் ஆக்கினது என்ன? எங்கள் பார்வையில் பழமையைவிடச் சட்டமும் அமைப்பும்தான். 1909இல் எந்த எல்லைக்குள் வடித்தால் கொன்யாக் என்று அரசு வரையறுத்தது. 1936இல் பெயருக்கு முழுப் பாதுகாப்பு வந்தது. அந்த எல்லைக்கு வெளியே எவ்வளவு திறமாக வடித்தாலும் அது பிரண்டி, அவ்வளவுதான். 1946இல் ஒரு பொதுச்சபையை உருவாக்கினார்கள். அதில் கொடி வளர்க்கிற விவசாயிகளுக்குப் பாதி இடம், வணிக நிறுவனங்களுக்குப் பாதி இடம். எவ்வளவு வடிக்கலாம், விதிகள் எப்படி மாறவேணும் என்று இரண்டு தரப்பும் ஒரே மேசையில் இருந்து பேசவேண்டும்.

இதெல்லாம் சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. கொடி வளர்க்கிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் விற்பனையின் பெரும்பகுதி நாலு பெரிய நிறுவனங்களின் கையில். மாரிக் குளிரில் நின்று கொடி கத்தரிக்கிறவரின் பெயர் எந்தப் போத்தலிலும் இல்லை. உற்பத்தியில் 97 வீதத்துக்கு மேல் ஏற்றுமதி என்பதால் தூர தேசத்து முடிவு ஒன்று இவர்களின் முற்றத்தில் வந்து விழும். ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான வரித் தகராறில் 2024இல் பிரண்டி மாட்டுப்பட்டது. அந்தச் செப்டெம்பரில் விவசாயிகள் உழவு இயந்திரங்களோடு கொன்யாக் வீதிக்கு வந்தார்கள். ஒரு ஹெக்டேயரில் வடிக்கக்கூடிய அளவு அடுத்தடுத்த வருடங்களில் குறைக்கப்பட்டது. நட்ட கொடியைப் பிடுங்குகிற பேச்சும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் சீனா இறுதி வரியை அறிவித்தபோது, குறைந்தபட்ச விலைக்கு உடன்பட்ட பெரிய நிறுவனங்கள் அந்த வரியிலிருந்து தப்பின.

சுற்றுலாவில் மெதுவாகக் கடந்துபோகிற இன்னொரு விசயமும் இருக்கு. பிரண்டியைக் கடலுக்குக் கொண்டுபோன துறைமுகங்களில் ஒன்று லா றொஷெல். அது பிரான்சின் பெரிய அடிமை வணிகத் துறைமுகங்களிலும் ஒன்று. ஆபிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் பிரண்டியும் இருந்தது. எந்தப் பழமையையும் கொண்டாடுவதற்கு முதல் அதன் கணக்குப் புத்தகத்தை முழுசாகப் புரட்டிப் பார்க்கவேணும் என்பது எங்கள் எண்ணம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். ஹெனசியில் கலவை செய்கிற தலைமைப் பொறுப்பு பிலியூ என்ற ஒரே குடும்பத்தில் எட்டுத் தலைமுறையாக இருந்து வருகிறது. சுற்றுலாக்களில் இதைப் பெருமையாகச் சொல்லுவினம், கேட்கிறவர்களும் வியப்பினம். எங்களுக்கு அந்த இடத்தில்தான் தொண்டையில் ஏதோ சிக்கினது. ஏனெண்டால் யாழ்ப்பாணத்திலும் எட்டுத் தலைமுறையாக ஒரே தொழில் செய்த குடும்பங்கள் இருக்கு. பனை ஏறிக் கள்ளுச் சீவிய குடும்பங்கள். அவர்களைப் பார்த்து ஒருத்தரும் வியக்கவில்லை. அந்தத் தொழிலின் பெயரே வசைச் சொல்லாகியது. அவர்கள் இறக்கின கள்ளைக் குடித்த வீடுகளே அவர்களை முற்றத்தோடு நிறுத்தின. கிணற்றில் அள்ள விடவில்லை. கோயிலுக்குள் விடவில்லை.

அறிவு என்று பார்த்தால் இரண்டும் அறிவுதான். எந்தப் பாளையை எப்போது தட்டவேணும், எவ்வளவு மெல்லிசாகச் சீவவேணும், முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு — இது எந்தக் கலவை நிபுணரின் மூக்குக்கும் குறைஞ்சதில்லை. அதோடு இவர் தளநார் போட்டு, காலையும் பின்னேரமும் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்குகிறார். வடமராட்சியின் திக்கம் வடிசாலை பனஞ்சாராயம் வடித்ததே இந்தக் கைகள் இறக்கின கள்ளில்தான்.

அங்கே எட்டாம் தலைமுறைப் பிள்ளை விரும்பினால் வைத்தியராகலாம், பாட்டுக்காரராகலாம். விரும்பி வந்தபடியால் அது பெருமை. இங்கே பிள்ளைக்கு வேறு வழி அடைக்கப்பட்டிருந்தது. விட்டுப்போகிற சுதந்திரம் இல்லாத இடத்தில் தலைமுறைத் தொழில் என்பது பாரம்பரியம் இல்லை, சிறை. அதனால் சீவல் தொழிலாளியின் மகன் பல்கலைக்கழகம் போய், பனைப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்தால், ‘எங்கட பாரம்பரியம் அழியுது’ என்று கவலைப்பட எங்களில் ஒருத்தருக்கும் உரிமை இல்லை. அவர் தப்பியிருக்கிறார். பனையில ஒரு நாளும் ஏறாத குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கவலையைப் படும்போது கொஞ்சம் வெட்கப்படவும் வேணும்.

‘அப்ப குடியை வளர்க்கச் சொல்லுறீங்களோ?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கட ஊர்களில் குடியால் உடைஞ்ச வீடுகளை நாங்களும் கண்டிருக்கிறம். அடி வாங்கினது பெரும்பாலும் பெண்கள். கொன்யாக்கைப் போற்றுகிற பிரான்சே 1991இல் எவின் சட்டம் கொண்டுவந்து மதுபான விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியது. ஒன்றை மதிப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒன்றாகவே நடக்கலாம். ஆனால் எங்கட ஒழுக்கக் கணக்கு மதுசாரத்தை அளந்து போடுற கணக்கு இல்லை. கள்ளில் ஏறத்தாழ 5 வீதம் மதுசாரம், கொன்யாக்கில் 40 வீதம். 40 வீதத்துக்கு ஷோகேஸ், 5 வீதத்துக்கு முகச்சுளிப்பு. பிள்ளை பெத்தவைக்குப் பிரண்டி மருந்து. தவறணையில் பிளாவோடு நிற்கிறவர் மட்டும் குடிகாரர். குடியை எதிர்க்கிறவர்கள் இரண்டையும் எதிர்க்கட்டும், அதில் நேர்மை இருக்கு. ஒன்றை மட்டும் இழிவாகப் பார்த்தால் அதற்குப் பெயர் மதுவிலக்கு இல்லை, சாதி.

எனவே எங்கள் நிலைப்பாடு இதுதான். கொன்யாக்கிடமிருந்து சட்டத்தைப் படிப்போம். இலங்கைக் கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றது. பனஞ்சாராயம், பனங்கட்டி, ஒடியல் எல்லாவற்றுக்கும் அந்த வழியைத் தேடலாம். ஆனால் அதற்கு அமைக்கிற எந்தச் சபையிலும் ஆகக் குறைந்தது பாதி இடம் ஏறுகிறவர்களுக்கும் அவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இருக்கவேணும். விழுந்தால் அந்தக் குடும்பத்தைத் தாங்குகிற காப்புறுதி, லேபல் அடிக்கிறதுக்கு முதல் வரவேணும். ஏறுகிற ஆபத்தைக் குறைக்கிற கருவிகளுக்குக் காசு ஒதுக்கவேணும். இந்தத் தொழிலுக்கு யார் வந்தாலும், எந்தச் சாதியிலிருந்து வந்தாலும், நல்ல கூலியும் மரியாதையும் கிடைக்கிற நிலை வரவேணும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ‘நானும் பழகிப் பாக்கட்டோ?’ என்று கேட்கிற நாள் வந்தால், அன்றைக்குப் பாரம்பரியம் என்ற சொல்லைப் பாவிக்கலாம்.

அதுவரைக்கும் வெளிநாட்டு முதலீடு, கவர்ச்சியான போத்தல், ‘தமிழரின் தொன்மையான பானம்’ என்ற வரி என்று யாராவது வந்தால், எங்களைப் போன்ற இளம் ஆக்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இதை இறக்கினது யார், அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?