பழுதா, பொருத்தமின்மையா?

கொட்டாஞ்சேனையில் வாழும் எமது நண்பர் ஒருவர், தாம் பல்லாண்டு பாவித்த அச்சுப்பொறியை வெள்ளவத்தையிலுள்ள தம் மருமகனுக்குக் கொடுத்தனுப்பினார். உயர்தர வகுப்பில் பயிலும் அம்மாணவன் அதனைத் தன் புதிய கணனியுடன் இணைத்தான். விளக்கு எரிந்தது, தாளோ நகரவில்லை. மறுநாட் காலையில் ஒப்படையைக் கையளித்தாக வேண்டும். "பொறி பழுது, புதிதொன்று வாங்குவோம்" என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிட்ட வேளையில் நாம் அங்கு சென்றோம்.

புதிதொன்று வாங்குதல் இந்நாளில் எளிதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேல் நின்ற அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவில் ஏறியதை எவர் மறப்பர்? இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றையும் இரு முறை எண்ணியே வாங்க வேண்டியுள்ளது. ஆதலின், பழுது வேறு, பொருத்தமின்மை வேறு என்பதை இல்லத்தார் அறிந்திருத்தல் நன்று.

முதலில் இணைப்பை நோக்குக. கணனியின் பின்புறத் துவாரத்தில் நேரே செருகிப் பார்க்க வேண்டும். பல கருவிகளை ஒன்றாக இணைக்கும் 'ஹப்' சில வேளை போதிய மின்சாரத்தை அளிப்பதில்லை. யூ.எஸ்.பி. 2.0 துவாரம் 500 மில்லியம்பியரும், 3.0 துவாரம் 900 மில்லியம்பியரும் தரவல்லவை. வெளி வன்தட்டு ஓரிடத்தில் இயங்கி மற்றோரிடத்தில் முடங்குவதற்கு இவ்வேறுபாடே பெரும்பாலும் காரணம். பழைய வட்டத் துவாரமுடைய பி.எஸ்.2 விசைப்பலகையாயின், கணனியை நிறுத்திய பின்னரே செருகுதல் வேண்டும்.

அடுத்து, கருவியை வேறொரு கணனியில் இணைத்துப் பார்க்க. அங்கு இயங்குமாயின் கருவி குற்றமற்றது. பின்னர், நன்கு இயங்கும் வேறொரு கருவியை நமது கணனியின் அதே துவாரத்தில் இடுக. அதுவும் இயங்குமாயின் துவாரமும் குற்றமற்றது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது மறைந்துவிடும்.

இரண்டும் தேறினால் எஞ்சுவது 'டிரைவர்' என்னும் மென்பொருள். கணனிக்கும் கருவிக்கும் இடையே நின்று பேச்சை மொழிபெயர்த்துத் தருவது அதுவே. வெள்ளவத்தை வீட்டிலும் சிக்கல் அங்கேதான் இருந்தது. அவ்வச்சுப்பொறிக்கு அதனைச் செய்தோர் 32 பிட் டிரைவர் மட்டுமே வெளியிட்டிருந்தனர். வின்டோஸ் 11 முழுவதும் 64 பிட் முறையில் அமைந்தது. அது 32 பிட் டிரைவரை ஏற்காது. வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தமையால் பலர் புதிய பதிப்புக்கு மாறினர். பழைய கருவிகள் பல அவ்வேளையிலேயே ஊமையாயின.

யாம் செய்தது இதுதான். அவ்வீட்டுப் பரணில் 32 பிட் வின்டோஸ் கொண்ட பழைய கணனி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதனை இறக்கி, அச்சிடும் பணிக்கென்றே ஒதுக்கினோம். பாதுகாப்புக் கருதி அதற்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டு சென்றோம். இரவு பத்து மணிக்கு ஒப்படையின் முதற்பக்கம் வெளிவந்தது. பழைய கணனி இல்லாதோர் லினக்ஸ் இயங்குதளத்தை முயன்று பார்க்கலாம். கைவிடப்பட்ட அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு அது இன்றும் இடமளிக்கிறது.

புதிய கருவி வாங்கப் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் இயங்குதளத்தின் பெயரையும், அது 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் தாளில் எழுதிச் செல்க. கருவியின் மாதிரி எண்ணைக் கேட்டறிந்து, அதற்குரிய டிரைவர் உண்டா என உறுதி செய்த பின்னரே பணத்தை எடுக்க. விலையைக் கேட்குமுன் பொருத்தத்தைக் கேட்பதே சிக்கனம்.